ரீஸ்டார்ட் பண்ணாதே!

சர்வர் அறைக்குள் கால் வைத்ததுமே துப்பறிவாளர் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை உருவி மூக்கில் வைத்துக்கொண்டார். தொழில் வட்டாரத்தில் அவருக்குப் பெயரே 'கைக்குட்டை'தான். போலீஸ்காரர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள், மனைவி முகத்துக்கு நேரே சொல்வாள். அழுக்கு என்றால் அவருக்கு ஆகாது. அதிலும் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடிக்க வைத்த வாளியில் பிஸ்கட் உறை மிதக்கிற அழுக்கு என்றால் கேட்கவே வேண்டாம்.

"தைரியமா உள்ளே வாங்க மாமா. செத்தது எலி இல்லை, டேட்டாபேஸ்தான்" என்றான் ஸ்க்ரூ.

ஸ்க்ரூ அவர் மனைவியின் தம்பி. நாற்பது வயது, வழுக்கைத் தலை, சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு ஸ்க்ரூ டிரைவர். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்து, அதை இழுத்து மூடிவிட்டு, அக்கா புருஷனிடம் உதவியாளனாக வந்து ஒட்டிக்கொண்டவன். கைக்கு வேலை தெரியும். வாய்க்குத்தான் பூட்டு கிடையாது.

அறையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதிலிருந்து எழுந்தவர் பிஸ்கட் தின்ற கையைப் பேண்ட்டில் துடைத்துவிட்டு முன்னால் நீட்டினார். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர்தான் தலைவர். கைக்குட்டையை உதவிக்கு அழைத்துவந்து இப்போது வாசலிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும் பெண்ணுக்குச் சித்தப்பா.

வேறு வழியில்லாமல் கைக்குட்டை அந்தக் கையைப் பிடித்தார். பிசுபிசுவென்றிருந்தது.

"பெரிய டாக்டர் சொன்னாங்க, நீங்க பார்க்கிற வரைக்கும் யாரும் மெஷினைத் தொடக்கூடாதுன்னு" என்றார் சித்தப்பா. "ஆஸ்பத்திரியே நேத்திலிருந்து பேப்பர்ல எழுதிட்டு இருக்கு. சீக்கிரம் பார்த்துடுங்க. பாவம், நோயாளிங்க காத்திருக்காங்க."

விஷயம் இதுதான். முந்தைய நாள் காலையில் ஆஸ்பத்திரியின் புது டேட்டாபேஸைத் திறந்து வைத்தார்கள். எல்லா வார்டும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைய, அது மூச்சுமுட்டி அப்படியே நின்றது. ரத்த வங்கியின் திரையும் கூடவே நின்றது. பிரசவ வார்டில் உதிரம் நிற்காமல் கிடந்த ஒரு பெண்ணுக்குப் பொருந்தும் ரத்தம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து தேடி எடுத்து ஏற்றுவதற்குள் அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. குழந்தை நலம். தாய் இன்னும் தீவிர சிகிச்சையில் கிடக்கிறாள்.

அந்த டேட்டாபேஸை நிறுவியவள் வாசலில் நிற்கும் பெண். நிறுவுவதற்கு முன் செய்தாக வேண்டிய காரியத்தை மறந்துவிட்டாள் என்று அவள்மேல் பழி. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மேல்மாடியில் பெரிய டாக்டர் விசாரணை வைத்திருந்தார். மறந்தது உண்மை என்று ஆகிவிட்டால் வேலை போகும், போலீஸ் வரும், இந்தத் தொழிலில் வேறு எவனும் அவளை வாசலில்கூடச் சேர்க்கமாட்டான்.

"வாங்க, நீங்களே பாருங்க" என்று சித்தப்பா திரையைக் காட்டினார். "இதுதான் வரம்பு எழுதற ஃபைல். டேட்டாபேஸோட கணக்குக்கு இதுல ரெண்டு வரி இருக்கணும். இருக்கா? இல்லை."

ஸ்க்ரூ குனிந்து பார்த்தான். "இல்லைதான் மாமா."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு மச்சான்."

"ஆபரேட்டிங் சிஸ்டம் வீட்டு ஓனர் மாதிரி. ஒவ்வொரு குடித்தனமும் எத்தனை ஃபைல் திறக்கலாம், எத்தனை வேலை ஓட்டலாம்னு ஒரு வரம்பு போட்டு வெச்சிருக்கும். சாதாரண ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம் ஃபைல் போதும். டேட்டாபேஸ் பெரிய குடும்பம், அதுக்கு அறுபதாயிரத்துக்கு மேல வேணும். அதனால குடிவைக்கறதுக்கு முன்னாடியே ஓனர்கிட்ட பேசி வரம்பை ஏத்தி எழுதிடணும். எழுதலைன்னா ரெண்டு மூணு பேர் வந்து போற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. ஊரே வந்து நின்னா மூச்சு முட்டிடும்."

"சின்னப் பொண்ணு, மறந்துட்டா" என்றார் சித்தப்பா. "நானும் கண்டிக்கலை. இந்த மன்னிப்புக் கடுதாசியில ஒரு கையெழுத்துப் போட்டுட்டான்னா, போலீஸ் வரைக்கும் போகாம நான் பேசி முடிச்சுடுவேன். என்ன கண்ணு?"

அவள் தலையில் கை வைத்துத் தடவிக் கொடுத்தார். சற்றுமுன் பேண்ட்டில் துடைத்த அதே கை. கைக்குட்டை தன் வலது கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் பார்த்தாச்சே" என்று சித்தப்பா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். "இப்போ ரீஸ்டார்ட் பண்ணிடட்டுமா?"

"பெரிய டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, கைக்குட்டை அந்தப் பெண்ணை வெளியே வரும்படி ஜாடை காட்டினார்.

படிக்கட்டின் திருப்பத்தில் காற்று கொஞ்சம் சுத்தமாக இருந்தது. கைக்குட்டை மூக்கிலிருந்து துணியை எடுத்தார்.

"இங்கே பாரும்மா, ஒரே கேள்வி. அந்த ரெண்டு வரியை எழுதினியா, இல்லையா?"

"எழுதினேன் சார்." கொஞ்சம் நிறுத்தினாள். "எழுதினேன்னுதான் நினைக்கிறேன். நேத்துக் காலையில கேட்டிருந்தா சத்தியம் பண்ணியிருப்பேன். சித்தப்பா ஃபைலைத் திறந்து காட்டினதும் எனக்கே சந்தேகமாயிடுச்சு. அப்பா போனப்புறம் என்னைப் படிக்க வெச்சவர் அவர். என்னைப் பத்தி அவர் எதுக்குப் பொய் சொல்லப்போறார்? நான்தான் மறந்திருக்கணும்."

"அப்போ கையெழுத்துப் போடப்போறே."

"போட்டுடலாம்னுதான் இருக்கேன்."

ஸ்க்ரூ வாயைத் திறந்தான். அதற்குள் மேலே இருந்து ஒருவர் இறங்கி வந்தார். கசங்கிய சட்டை, கையில் ஃப்ளாஸ்க், தூங்காத கண்கள். அந்தப் பெண்ணின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்து நின்றார்.

"நீங்கதான் அந்தக் கம்ப்யூட்டரைப் போட்டவங்களா அம்மா?"

குரலில் கோபம் இல்லை. யாரென்று தெரிந்துகொள்ள மட்டுமே கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, வெந்நீர் பிடிக்கக் கீழே போய்விட்டார்.

"பிரசவ வார்டு அம்மாவோட வீட்டுக்காரர்" என்று முணுமுணுத்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

கைக்குட்டைக்கு அழும் பெண்களைச் சமாதானப்படுத்தத் தெரியாது. கேள்வி கேட்கத் தெரியும். அதைச் செய்தார்.

"டேட்டாபேஸ் போட்ட அன்னிக்கு இந்த அறையில என்னென்ன செஞ்சே? ஒண்ணு விடாம வரிசையாச் சொல்லு."

வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் அவள் குரல் தானாக நிமிர்ந்தது. "முதல்ல வரம்பை எழுதினேன். எழுதின உடனே அது ஒட்டாது சார். லாகவுட் பண்ணிட்டு மறுபடி லாகின் பண்ணணும். நிறைய பேர் அந்த இடத்துலதான் கோட்டை விடுவாங்க. நான் வெளியே போய், திரும்ப உள்ளே வந்து, ஏறியிருக்கான்னு பார்த்தேன். அப்புறம்தான் இன்ஸ்டால். அது முடிஞ்சதும் முதல்ல லிசனர், அதுக்கப்புறம் டேட்டாபேஸ். நான் எப்பவுமே அந்த வரிசையிலதான் கிளப்புவேன்."

"லிசனர்னா?"

"வாசல்ல உட்கார்ந்து, யார் வர்றாங்கன்னு கேட்டு உள்ளே அனுப்பற ஒரு சின்ன புரோகிராம். தனி ஆள். எல்லாம் ஓடுதான்னு பார்த்துட்டு, சாயங்காலமே பாஸ்வேர்டை ஒப்படைச்சுட்டேன். ஒப்படைச்சதும் தலைவர் அதை மாத்திடணும்கிறது இங்கே விதி. சித்தப்பா என் கண் முன்னாடியே மாத்தினார்."

"அதுக்கப்புறம் நீ உள்ளே போகலை?"

"போக முடியாது சார்."

"சரி. வரம்பு லாகின் பண்ணும்போதுதான் ஒட்டும்னு சொன்னே. அப்போ ஏற்கெனவே ஓடிட்டிருக்கிற புரோகிராமுக்கு? யாராவது அந்த ஃபைல்ல பின்னாடி வந்து கையை வெச்சா?"

"ஓடிட்டிருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாது சார். பிறக்கும்போது என்ன வரம்பு இருந்ததோ அதுதான் சாகிற வரைக்கும். ஃபைலை அப்புறம் எப்படி மாத்தினாலும்..."

அவள் பாதியில் நின்றாள். ஸ்க்ரூ அவளைப் பார்த்தான். கைக்குட்டை இருவரையும் பார்த்தார்.

"அந்த வாசல்காரன்," என்றார் மெதுவாக, "நீ கிளப்பினதிலிருந்து ஒருதடவையும் நிக்காம இருந்தா, அவன்கிட்ட அன்னிக்கு இருந்த வரம்பு இன்னும் ஒட்டியிருக்குமா?"

"இருக்கும் சார். டேட்டாபேஸை நிறுத்தினாலும் லிசனர் நிக்காது. அதைத் தனியா நிறுத்தணும், அது நிறைய பேருக்கு ஞாபகமே வராது." அவள் கண்கள் விரிந்தன. "ஆனா மெஷினையே ரீஸ்டார்ட் பண்ணிட்டா..."

ஸ்க்ரூ அதற்குள் நாலு படி இறங்கிவிட்டான். சாப்பாட்டுப் பந்தியைத் தவிர வேறு எதற்காகவும் அவன் ஓடி கைக்குட்டை பார்த்ததில்லை. அவர் போனை எடுத்துப் பெரிய டாக்டரின் எண்ணை அழுத்தியபடியே பின்னால் இறங்கினார்.

அவர்கள் உள்ளே நுழைந்தபோது சித்தப்பா காதில் போனை வைத்துக்கொண்டு நாற்காலிக்கும் தரைக்கும் நடுவில் நின்றார். உட்காரவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை.

"ஒரே நிமிஷம் டாக்டர். கட்டளையை அடிச்சுட்டேன், ஒரு தட்டு தட்டினா போதும்..."

போனில் இருந்த குரல் அறை முழுவதும் கேட்டது. "இப்போ மேலே வாங்க. அந்த மெஷினை இன்னும் யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன். உங்களையும் சேர்த்துத்தான்."

சித்தப்பா போனைச் சட்டைப் பையில் போட்டார். ஸ்க்ரூவை ஒருமுறை, திரையை ஒருமுறை பார்த்தார். "எதுலயும் கை வெச்சுடாதீங்க" என்று சொல்லிவிட்டு, மனசே இல்லாமல் மாடி ஏறினார்.

திரையில் ரீஸ்டார்ட் கட்டளை முழுதாக அடிக்கப்பட்டுக் கிடந்தது. பக்கத்தில் ஒரு கட்டம் விட்டுவிட்டு மின்னியது. எண்டர் மட்டும்தான் பாக்கி.

"கைக்குட்டையைக் குடுங்க மாமா. எண்டர் கீ மேலேயே பிஸ்கட் தூள் கொட்டி வெச்சிருக்கார்."

"தொடைக்காதே! ஊதவும் செய்யாதே! அந்தப் பக்கமே போகாம அழி."

ஸ்க்ரூ ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகப் பின்னோக்கி அழித்தான். பேச்சை நிறுத்தி அவன் செய்த வேலை அநேகமாக அது ஒன்றுதான். கடைசி எழுத்தும் போனபிறகு வழுக்கையைத் துடைத்துக்கொண்டான். "கல்யாணத்தன்னிக்குக்கூட எனக்கு இப்படி வேர்க்கலை."

"உட்காரும்மா" என்றார் கைக்குட்டை.

அவள் உட்கார்ந்தாள். சித்தப்பா லாகின் பண்ணியபடியே விட்டுப் போயிருந்ததால் பாஸ்வேர்டு தேவைப்படவில்லை. நாலைந்து வரிகள் தட்டினாள். திரையில் எழுத்துகள் ஓடி நின்றன.

"லிசனர் உயிரோட இருக்கு" என்றாள். "நான் கிளப்பின அதே நாள். வரம்பு..." விரலைத் திரைமேல் வைத்தாள். "அறுபத்தஞ்சாயிரத்துச் சொச்சம்."

ஸ்க்ரூ குனிந்து அந்த எண்ணை இன்னொரு தடவை படித்தான்.

"எழுதியிருக்கேன் சார்" என்றாள், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. "நான் மறக்கலை."

"இப்போ டேட்டாபேஸைப் பாரு."

டேட்டாபேஸ் இன்னும் செத்துத் தொலையாமல் அரைகுறை உயிரோடு தொங்கிக்கொண்டிருந்தது. அது பிறந்த நாள் வேறு. திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் யாரோ அதை நிறுத்தி, புதிதாகக் கிளப்பியிருந்தார்கள். அதன் வரம்பு வெறும் ஆயிரத்துச் சொச்சம்.

"ஒரே வயித்துப் பிள்ளைங்க" என்றான் ஸ்க்ரூ. "மூத்தவன் மகாராஜா, இளையவன் பிச்சைக்காரன். நடுவுல எவனோ சொத்தைப் பிடுங்கியிருக்கான். பிடுங்கினவன் டேட்டாபேஸை மட்டும் நிறுத்திக் கிளப்பியிருக்கான். வாசல்ல ஒருத்தன் உட்கார்ந்திருக்கறதை மறந்துட்டான்."

எவன் என்று யாரும் கேட்கவில்லை. பாஸ்வேர்டு யாரிடம் இருந்தது என்பது மூன்று பேருக்கும் தெரியும். அந்தப் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சற்றுமுன் தடவப்பட்ட தலையை அவள் கை தன்னையறியாமல் துடைத்ததைக் கைக்குட்டை கவனித்தார்.

"ஆனா எதுக்கு?" என்றார். "சொந்த அண்ணன் பொண்ணு. அவளை மாட்டிவிட்டு இவருக்கு என்ன கிடைக்கப்போகுது? அது தெரியாம மேலே போனா, பாஸ்வேர்டு வெளியே கசிஞ்சிருக்கும்னு சொல்லித் தப்பிச்சுடுவார். மச்சான், இந்த வீட்டுல வேற யார் யார் குடியிருக்காங்க பாரு."

ஸ்க்ரூ நாற்காலியின் பின்னாலிருந்து கையை நீட்டித் தட்டினான். கொஞ்ச நேரம் மேலும் கீழும் உருட்டினான். பிறகு சீட்டியடித்தான்.

"இன்னொரு பெரிய குடும்பம் இருக்கு மாமா. பேரு பிரிண்டர் சேவைன்னு போட்டிருக்கு. ஆனா இருபதாயிரம் கனெக்‌ஷனைத் திறந்து வெச்சுட்டு உட்கார்ந்திருக்கு. டேட்டாபேஸ் நாக்கு தள்ளிக் கிடக்கும்போது இது மட்டும் ஜம்முனு ஓடுது."

"பிரிண்டருக்கு எதுக்கு இருபதாயிரம்?"

"ஊருக்கே கல்யாணப் பத்திரிகை அடிச்சாலும் அவ்வளவு வேண்டாம்."

"சார், இந்த மெஷின்ல பிரிண்டரே கிடையாது" என்றாள் அந்தப் பெண்.

கைக்குட்டைக்கு இப்போது எல்லாம் ஒரு வரிசைக்கு வந்தது. ஆஸ்பத்திரியின் மெஷினில் எவனோ உள்வாடகைக்குக் குடியிருக்கிறான். டேட்டாபேஸ் தன் முழு வரம்போடு உட்கார்ந்தால் அவனுக்கு இடம் நெருக்கும். அதனால் டேட்டாபேஸின் கழுத்தைப் பிடித்துக் குறுக்கிவிட்டார்கள். அது ரத்த வங்கியின் கழுத்து என்று தெரிந்தேதான் பிடித்தார்கள். அறையின் நாற்றத்தைவிட இந்த நினைப்பு அதிகமாக நாறியது.

"நிறுத்திடட்டுமா மாமா?"

"கொல்லாதே. அப்படியே மூச்சைப் பிடிச்சு வெக்க முடியுமா?"

"முடியும். உறைய வெச்சுடலாம். சாகாது, ஓடவும் ஓடாது. சாட்சி பத்திரமா இருக்கும்."

"திரையில இருக்கறதை எல்லாம் முதல்ல போட்டோ எடு. நான் மேலேயிருந்து மிஸ்டு கால் குடுப்பேன். குடுத்த நொடியில உறைய வை."

மேல்மாடி அறை சுத்தமாக இருந்தது. நீள மேசை, கண்ணாடித் தம்ளர்கள், மூடி வைத்த தண்ணீர். மேசையின் தலைமாட்டில் பெரிய டாக்டர் அம்மா, நரைத்த முடியை இறுக்கிக் கட்டி, வார்த்தைகளை எண்ணிப் பேசுகிறவர். பக்கத்தில் சித்தப்பா. அவர் முன்னால் போன். அந்தப் பெண்ணுக்காக ஒதுக்கிய இடத்தில் மன்னிப்புக் கடுதாசியும், மூடி கழற்றிய பேனாவும் தயாராக இருந்தன.

"வா கண்ணு" என்றார் சித்தப்பா. "உட்காரு. சின்னக் கையெழுத்து, முடிஞ்சுது."

அவள் உட்காரவில்லை.

கைக்குட்டை சுருக்கமாகச் சொன்னார். வாசலில் இருக்கும் புரோகிராம் எப்போது பிறந்தது, அதன் வரம்பு என்ன. உள்ளே இருப்பது எப்போது பிறந்தது, அதன் வரம்பு என்ன. நடுவில் பாஸ்வேர்டு யாரிடம் இருந்தது.

பெரிய டாக்டர் சித்தப்பாவின் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றீங்க?"

சித்தப்பாவின் முகத்தில் ஒரு கணம் எதுவுமே இல்லை. பிறகு வருத்தம் வந்தது. நல்ல, தாராளமான, குடும்பத்து வருத்தம்.

"டாக்டர், இவளே யார்கிட்டயாவது சொல்லி எடுக்க வெச்சிருக்கலாம். பாஸ்வேர்டு எப்படியெல்லாமோ கசியும். நான் எதுக்குச் செய்யணும்? என் அண்ணன் பொண்ணு. தூக்கி வளர்த்தவன் நான். இவளுக்கு ஒண்ணுன்னா முதல்ல துடிக்கறவன் நான்தான். இந்த ஆள் காசு வாங்கிட்டு என் குடும்பத்தைப் பிரிக்கப் பார்க்கறார்!"

கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். கைக்குட்டை தன் வாழ்நாளில் கொலைகாரர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார். அவர்கள் யாரும் இப்படிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதில்லை. பாக்கெட்டுக்குள் கையை விட்டுப் போனில் ஒரு பொத்தானை அழுத்தினார்.

"நீங்க எதுக்குச் செய்யணும்கிறது நல்ல கேள்வி" என்றார். "பதிலுக்குக் கொஞ்சம் காத்திருக்கலாமா டாக்டர்?"

"எதுக்காக?"

"யாராவது கூப்பிடுவாங்க."

பெரிய டாக்டர் புருவத்தை உயர்த்தினார். சித்தப்பா எழுந்திருக்கப் பார்த்தார். அப்போது மேசைமேல் இருந்த அவருடைய போன் கிர்ரென்று அதிர்ந்தது. தண்ணீர்த் தம்ளரில் போய் இடித்தது. அவர் அதை அணைத்தார். உடனே மறுபடி அதிர்ந்தது. அணைத்தார். மறுபடியும்.

"வீட்டிலேர்ந்து" என்றார் சித்தப்பா. நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

"எடுங்க" என்றார் பெரிய டாக்டர். "ஸ்பீக்கர்ல போடுங்க."

"பரவாயில்லை டாக்டர், அப்புறமா..."

பெரிய டாக்டர் தானே கையை நீட்டிப் போனை இழுத்து, பொத்தானைத் தட்டி, மேசை நடுவில் வைத்தார்.

"அண்ணே!" என்று அலறியது ஒரு குரல். "என்ன ஆச்சுண்ணே? சீட்டு மேசை அத்தனையும் அப்படியே நின்னு போச்சு! ஆடிட்டு இருந்தவன் எல்லாம் என்னைக் கிழிச்சுத் தொங்கவிடறான். அந்த ஆஸ்பத்திரிக்காரங்க மறுபடி டேட்டாபேஸைக் கிளப்பிட்டாங்களா? அந்தப் பொண்ணு ஏத்தி வெச்சதை எடுத்துட்டேன், இனிமே நம்ம ஆட்டத்துக்கு இடைஞ்சலே இருக்காதுன்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க! ஹலோ? அண்ணே?"

பெரிய டாக்டர் அழைப்பைத் துண்டித்தார். போனைத் திரும்பக் கொடுக்கவில்லை. தன் பக்கம் இழுத்து, மேலே கையை வைத்துக்கொண்டார்.

"ஆன்லைன் சீட்டாட்டம்" என்றார். எதையோ மிதித்துவிட்டவர் போல அவர் முகம் போயிற்று. "என் ஆஸ்பத்திரி மெஷின்ல."

சித்தப்பா நாற்காலியில் சரிந்தார். "நான் கெட்டது நினைக்கலை டாக்டர். கொஞ்ச நாளைக்குத்தான் குறைச்சு வெச்சேன். சோதனை பண்ணினப்போ நல்லாத்தான் ஓடிச்சு. எல்லா வார்டும் ஒண்ணா வந்து விழும்னு நான் என்ன கண்டேன்?"

"ரத்த வங்கி அதுலதான் ஓடுதுன்னு கண்டீங்க இல்லையா?" என்றார் கைக்குட்டை.

சித்தப்பா அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். குரல் குழைந்தது.

"கண்ணு, நீயே சொல்லும்மா. வேற எவன் பேரையாவது சொல்லியிருந்தா அவன் சும்மா விடுவானா? நீன்னா நம்ம வீட்டுப் பொண்ணு. வாயைத் திறக்கமாட்டே. சின்ன வயசு, மன்னிச்சுடுவாங்க. அதை வெச்சுத்தான் உன் பேரைச் சொன்னேன். உன்மேல இருந்த நம்பிக்கைடா. படிக்க வெச்சேன் இல்லையா, அதுக்காகவாவது..."

கைக்குட்டை முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருடன் திருடுவான், பொய்யன் பொய் சொல்வான், அதெல்லாம் அவருக்குப் பழக்கம். ஒரு பெண் தன்னைப் படிக்க வைத்ததற்குக் காட்டிய நன்றியைக் கணக்குப் போட்டு, அந்த இடத்தில் பழியை இறக்கி வைத்தவனை அவர் இதுவரை பார்த்ததில்லை. பார்க்காமலே இருந்திருக்கலாம்.

அந்தப் பெண் மேசையருகே வந்தாள். கடுதாசியின் பக்கத்திலிருந்த பேனாவை எடுத்தாள். சித்தப்பாவின் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. அவள் கடுதாசியைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தை மேலே வைத்து, பேனாவையும் சேர்த்து அவர் முன்னால் தள்ளினாள்.

"புது பாஸ்வேர்டை எழுதுங்க சார்."

"சாரா? நான் உன் சித்தப்பாம்மா!"

"பாஸ்வேர்டு, சார். நோயாளிங்க காத்திருக்காங்க."

அவர் பெரிய டாக்டரைப் பார்த்தார். கைக்குட்டையைப் பார்த்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. எழுதிக் கொடுத்தார்.

கீழே, ஸ்க்ரூ நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தான். அவள் உட்கார்ந்து இரண்டு வரிகளை எழுதினாள். லாகவுட் பண்ணி வெளியே போனாள், புது பாஸ்வேர்டோடு மறுபடி உள்ளே வந்தாள், ஏறியிருக்கிறதா என்று பார்த்தாள். அரைகுறை உயிரோடு தொங்கிய டேட்டாபேஸை இறக்கிவிட்டுப் புதிதாகக் கிளப்பினாள்.

"வாசல்காரனைத் தொட்டுடாதே தங்கச்சி" என்றான் ஸ்க்ரூ. "போலீஸ் வர்ற வரைக்கும் அவன் உயிரோட இருக்கணும். என் சர்வீஸ்லயே லஞ்சம் கேட்காம சாட்சி சொன்ன முதல் ஆள்."

அவள் சிரித்தாள். அன்று முதல்முறையாக.

கைக்குட்டை தாழ்வாரத்துக் குழாயடியில் நின்று வலது கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். போதவில்லை. மறுபடி கழுவினார். அந்தப் பிசுபிசுப்பு போன மாதிரி தெரியவில்லை. கையைத் துடைத்த கைக்குட்டையைப் பார்த்தார், இரண்டு விரலால் பிடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். மனைவி திட்டுவாள், திட்டட்டும்.

ரத்த வங்கியிலிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்து, "திரை வந்துடுச்சு! பிரசவ வார்டு அம்மாவுக்கு இன்னும் ஒரு பை கேட்டிருந்தாங்களே, இருக்கு, அனுப்பறேன்!" என்று கூவிவிட்டு உள்ளே ஓடினாள்.

படிக்கட்டில் அந்த மனிதர் ஃப்ளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தார். நர்ஸ் கூவியது அவர் காதிலும் விழுந்திருந்தது. சர்வர் அறையிலிருந்து வெளியே வந்த பெண்ணைப் பார்த்ததும் ஒரு படி இறங்கினார்.

"அம்மா, காலையில கேட்டேன், நீங்க ஒண்ணும் சொல்லலை. நீங்கதானே அந்தக் கம்ப்யூட்டரைப் போட்டது?"

இந்த முறை அவள் தலையைக் குனியவில்லை.

"ஆமாங்க. நான்தான் போட்டேன்" என்றாள். "சரியாத்தான் போட்டேன்."